இலைக்கு வைத்த காசு

எடை போடாமலே ஒரு எடையை எழுதினேன். அது தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பதையே முப்பத்தொரு ஆண்டுகள் வேலையாகச் செய்தவன் நான். அந்த வேலையில் ஒருவன் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் செய்தேன். அதனால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஆவுடையம்மாள் என்ற பெண் தன் இடத்தையும் பெயரையும் இழந்தாள்.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கறிக்கடைத் தட்டுக்கு அடியில் காந்தம் கண்டுபிடித்தது, பழைய பேப்பர் கடையில் உள்ளே குடைந்த படிக்கல்லைப் பிடித்தது என்று என்னிடம் கதைகள் நிறைய உண்டு. எல்லாம் நான் ஜெயித்த கதைகள். அவற்றை ஓய்வு பெற்ற அன்றே சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டேன். இது அன்று சொல்லாமல் விட்டது.

நம் வேலை முதலில் நம் கண்ணைத்தான் மாற்றும். சேர்ந்த இரண்டு வருடத்தில் நீங்கள் தராசின் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடைக்காரனின் சுண்டுவிரலைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். அது நல்லதுதான். ஆனால் அந்தக் கண் சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டிய பிறகும் உங்களோடு வீட்டுக்கு வரும். பால்காரர் ஊற்றும்போது நுரை அடங்கும்வரை நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி கடைக்குப் போகும்போது என்னைக் கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டாள். "நீங்க வந்தா கடைக்காரன் முகத்த நான் பாக்க முடியல" என்றாள். நல்ல அதிகாரிக்கு இதெல்லாம் அழகு என்று அப்போது நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த அதிகாரி சட்டைப்பையில் எப்போதும் மடிப்புக் கலையாத ஒரு காகிதத்தில் பளபளப்பான ஒரு ரூபாய்க் காசு வைத்திருப்பார். கடைத் தராசு சமமாக நிற்கும்போது அந்தக் காசை ஒரு தட்டில் மெதுவாக வைப்பார். "ஆறு கிராம். இதுக்கு அசையாத தராசு செத்த தராசு" என்பார். அந்தக் காலத்துப் பெரிய ரூபாய் சரியாக ஆறு கிராம்தான். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஒரு ரூபாய் என்றால் எங்களுக்கு விலை அல்ல, எடை. பின்னால் எஃகில் ரூபாய் வந்தது. அது ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்புறம் இன்னும் சிறியது வந்தது. அது நான்குக்கும் குறைவு. கடையில் அவற்றை வாங்கினேன், கொடுத்தேன். பார்வைக்குச் சிறிதாகிவிட்டது என்பதும் தெரியும். ஆனால் வாய் மட்டும் ஆறு கிராம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சின்ன ரூபாய் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'பூ மார்க்கெட்டில் ஆவுடையம்மாள் என்பவள் படிக்கல் தட்டில் காசு வைத்துச் சம்சாரிகளின் பூவைக் கொள்ளையடிக்கிறாள்.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கணக்கு எழுதிப் பழகிய கை. யார் எழுதியது, ஏன் எழுதினார்கள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன் நான். கடிதத்தைச் சந்தேகப்படவில்லை. அதில் பெயர் இருந்தவளைச் சந்தேகப்பட்டேன்.

அவளைப் பற்றி முன்பே கொஞ்சம் தெரியும். மார்க்கெட்டின் கடைசியில், பெரிய கமிஷன் மண்டிகளுக்கு அப்பால், ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். தங்கள் நிலத்தில் விளைந்த பூவை ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கொஞ்சமாகக் கொண்டுவரும் சம்சாரிகள், அதாவது சிறு விவசாயிகள், மண்டியைத் தாண்டி அவளிடம் போவார்கள். அப்படி வாங்கிய பூவை, சரம் கட்டி விற்கும் பெண்களுக்கு அவள் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பாள். மண்டியைத் தாண்டி ஒருவன் நடக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று என் கண் சொல்லிற்று. ஏதோ இருக்கத்தான் செய்தது. அது என்னவென்று விசாரிக்கவில்லை.

ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை போனேன். மல்லிகை விலை ஏறிக் கிடந்தது. ஜீப்பைப் பார்த்தால் மார்க்கெட்டே உஷாராகிவிடும் என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, உதவியாளரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சோதனை எடைக்கற்கள் இருந்த பெட்டி ஜீப்பில் இருந்தது. இருநூறு அடி தூரம் இருக்கும். அந்த இருநூறு அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் பூவை ஆவுடையம்மாள் நிறுத்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் மாடசாமி என்று பிறகு தெரிந்தது. ஈரத்துண்டில் முடிந்து கொண்டுவந்த அரும்புகளை அரைக் கிலோ அரைக் கிலோவாக நிறுத்துக் கூடையில் கவிழ்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றபோது பூத்தட்டு காலியாகி மேலே எழும்பியிருந்தது. எதிர்த்தட்டில் அரைக் கிலோக் கல். கல்லை ஒட்டி ஒரு ரூபாய்க் காசு.

அவள் வாங்குகிறவள். கல்லோடு ஒரு காசும் இருந்தால் ஒவ்வொரு நிறுவைக்கும் அந்தக் காசின் எடைக்குப் பூ கூடுதலாகப் போகும். நஷ்டம் சம்சாரிக்கு. என் மனதுக்குள் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"கைய எடும்மா" என்றேன்.

அடையாள அட்டையைக் காட்டினேன். அவள் பயப்படவில்லை. "தராசுக்கு இந்த வருசம் முத்திரை போட்டாச்சு சார். பாருங்க" என்று தண்டைத் திருப்பிக் காட்டினாள்.

"முத்திரை இருக்கு. காசு எதுக்கு?"

"அது இலைக்கு வச்சது சார்."

"எந்த இலை?"

அவள் தட்டைப் பார்த்தாள். இலை இல்லை. "பூவோட கூடைக்குள்ள விழுந்துட்டு" என்று கூடைக்குள் கையை விட்டாள்.

"எதையும் தொடாதே."

கையை வெளியே எடுத்தாள். விரலில் இரண்டு அரும்பு ஒட்டியிருந்தது. அவற்றையும் பத்திரமாகக் கூடையிலேயே உதறினாள்.

மாடசாமி முன்னால் வந்தார். "ஐயா, வெறுந்தட்டுல பட்டா ஈர அரும்பு கறுத்துப்போகும். அதனால வாழையிலையப் போட்டு அதுமேல பூவ வச்சு நிறுப்பா. இலையும் எடைதான? அதுக்கு ஈடா அந்தத் தட்டுல காசு. எல்லாச் சம்சாரிக்கும் தெரியும்."

"நீரு யாரு?"

"பூவுக்குச் சொந்தக்காரன்."

"உமக்கு நஷ்டம்னு நான் சொல்லுதேன். நீரு அவளுக்குப் பேசுதீரு."

"நஷ்டம் எனக்குல்லா ஐயா? இல்லைன்னு நாந்தான சொல்லணும்?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நூறு பேர் நடுவில் அதிகாரி நிற்கும்போது சிரிப்பு வந்தால், அதற்குப் பிறகு அவன் செய்வதில் பாதி அந்தச் சிரிப்புக்காகச் செய்வது. இவர்கள் உறவுக்காரர்களாக இருப்பார்கள், பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியதை நம்பினேன். மாடசாமி கூடையில் கையை விட்டு ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். "இந்தா, இதுதான்." நான் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பிடிபட்ட பிறகு தேடி எடுத்துக் காட்டுகிற ஆதாரத்தை நம்பாதே என்பது எங்கள் பாடம்.

"சார், சீக்கிரம் முடிங்க. வெயில் ஏறுனா அரும்பு வாய் தொறந்துரும்" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அரும்பு மலர்ந்துவிட்டால் விலை பாதிதான். நாலு பக்கமும் நெருக்கினார்கள்.

ஆவுடையம்மாள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை இலையப் போட்டு, கல்ல எடுத்துட்டு, காசுக்கும் இலைக்கும் நிறுத்துக் காட்டுதேன் சார். பொறவு என்னத்த வேணும்னாலும் எழுதுங்க."

அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. "சொல்றத ஆபீசுக்கு வந்து சொல்லு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் நிமிர்ந்தார். "காசு எடை என்ன சார் போட? பெட்டிய எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். ரூபாய் ஆறு கிராம். எழுதும்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

எங்கள் அலுவலகத்தில் அப்போது எழுதப்படாத ஒரு நடைமுறை இருந்தது. வித்தியாசம் ஐந்து கிராமுக்குள் என்றால் எச்சரித்து அனுப்புவோம். அதற்கு மேல் என்றால் பறிமுதல். ஆறு என்று நான் சொன்ன ஒரு சொல்லில் தராசு, கல், தட்டு எல்லாம் துணியில் முடிச்சாயின. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடினேன். மாடசாமி மறுத்துவிட்டார். பக்கத்து மண்டியின் கணக்கப்பிள்ளை தானாகவே வந்து போட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதை அப்போது கவனித்தேனா, இல்லை பிறகு நினைத்துப் பார்க்கும்போது கவனித்ததாகத் தோன்றுகிறதா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், பறிமுதல் பொருட்களுக்கு அரக்கு வைக்க முடிச்சை அவிழ்த்தேன். காசு மேஜையில் உருண்டு என் கையருகே விழுந்தது. சின்ன ரூபாய். எடுத்தபோதே கைக்கு லேசாக இருந்தது. அலுவலகத்தின் நுண்தராசில் வைத்தேன். மூன்று புள்ளி எழுபத்தொன்பது கிராம். எச்சரித்து அனுப்பியிருக்க வேண்டிய எடை.

கூடவே அந்த இலையும் இருந்தது. மாடசாமி தட்டில் போட்டதை உதவியாளர் அப்படியே சேர்த்துக் கட்டியிருக்கிறார். காய்ந்து சுருண்டிருந்தது. நிறுத்தேன், ஒரு கிராம்கூட இல்லை. அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய ஒரே சாட்சி, என் அலமாரியில் மூன்று நாளில் உலர்ந்து போயிருந்தது.

ஆனால் ஓரத்தைப் பார்த்தேன். தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டிய இலை. அந்த வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாகக் கத்தரி பட்ட தடங்கள். ஒரு நறுக்கு, இன்னொரு நறுக்கு, அப்புறம் நகத்தளவு ஒன்று. அழகுக்கு நறுக்கியதாக இருந்தால் வட்டம் கோணலாகியிருக்காது. எடைக்கு நறுக்கியது. காசை ஒரு தட்டில் வைத்து, இலையை மறுதட்டில் வைத்து, முள் நேராக நிற்கும்வரை ஓரத்தைக் கத்தரித்திருக்கிறாள். தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு வாழை நின்றது. ஒரு துண்டு கிழித்து வந்து அவள் தட்டின் அளவுக்கு வெட்டினேன். ஐந்து கிராமுக்குப் பக்கம் வந்தது. ஓரத்தை நறுக்கினேன். நாலாவது நறுக்கில் காசும் இலையும் சமமாக நின்றன.

அப்போதுதான் முழுதும் புரிந்தது. காசு எத்தனை கிராமாக இருந்தாலும் அவள் தராசில் தவறு வராது. பெரிய ரூபாய் வைத்தால் பெரிய இலை. சின்ன ரூபாய் வைத்தால் சின்ன இலை. காசின் எடை அவளுக்குத் தெரியவே வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

உதவியாளர் உள்ளே வந்தார். "என்ன சார், இலைய நிறுக்கிய?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மார்க்கெட்டில் எழுதியதை அவசரம் என்று சொல்லலாம். இந்த 'ஒண்ணுமில்ல' அவசரம் இல்லை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்த அறையில் நிதானமாகச் சொன்னது. இலையைக் குப்பைக்கூடையில் போட்டேன். காசை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

நான் யாரிடமும் பணம் வாங்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும். அறிக்கை மேலே போய்விட்டது. நன்றாகப் பிடித்தீர்கள் என்று ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. திருத்த வேண்டுமென்றால் 'எடை போடாமல் எழுதினேன்' என்று எழுத வேண்டும். அந்த மூன்று வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அபராதம் கட்டினால் வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினோம். நேரே அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கட்டினா நான் கள்ளின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரில்லா ஆயிரும்? கட்ட மாட்டேன் சார்."

"வழக்கு நீளும்மா. அதுவரைக்கும் தராசு வராது."

"இலைய நிறுத்துப் பாத்தியளா?"

இழுப்பறை என் முழங்காலை ஒட்டி இருந்தது. "அது காஞ்சு போச்சு" என்றேன். அதுவும் உண்மைதான். உண்மையை வைத்தும் பொய் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எட்டு மாதம் தாங்கினாள். வழக்கு இருக்கிறது என்று காரணம் காட்டி மார்க்கெட்டில் அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தராசை வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுத்த பொருட்களின் பட்டியலில் தண்டு, தட்டு, படிக்கற்கள் என்று இருந்தது. காசு இல்லை. யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஊரில் அவளுக்குக் 'கள்ளத்தராசு' என்று பெயர் நிலைத்துவிட்டது. எந்த ஆவுடை என்று கேட்டால், "கள்ளத்தராசு ஆவுடை" என்பார்கள்.

மாடசாமியை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர் விடவில்லை. "இப்ப மண்டிக்குத்தான் போறோம் ஐயா. கம்ப்யூட்டர் தராசு. கிராம் சுத்தமா காட்டுது. காட்டுன பொறவு ஈரத்துக்குன்னு கிலோவுக்கு அம்பது கிராம் வாயாலயே கழிக்கான். அத நீங்க எந்தக் கல்ல வச்சுப் பிடிப்பிய?" என்றார். சம்சாரிகள் ஏன் மண்டியைத் தாண்டி ஆவுடையிடம் நடந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் ஈரத்துண்டை உதறிவிட்டு, இலைக்கு மட்டும், இலையின் அளவுக்கு மட்டும் கழித்தாள்.

ஓய்வு பெற்றேன். இழுப்பறையைக் காலி செய்தபோது அந்த உறை வீட்டுக்கு வந்தது. அதன்பின்னும் பல வருடம் சும்மா இருந்தேன். போன வருடம்தான் எழுதினேன். இன்ன நாளில், இன்னாருடைய வழக்கில், நாணயத்தின் எடையை நிறுக்காமல் பதிவு செய்தேன், அது தவறு, பின்னர் தெரிந்தும் மறைத்தேன் என்று கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டதால் அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது. எனவே மேல்நடவடிக்கை ஏதுமில்லை. என் பொய்யைத் திருத்துவதற்கு அது எழுதப்பட்ட தாளே இல்லை.

பிறகு அவளைத் தேடிப் போனேன். கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ரத வீதியில் உட்கார்ந்து கட்டுப்பூ விற்கிறாள். முழம் போட்டு விற்பது. தராசு வேண்டியதில்லை. தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கிராம் என்று எழுதியது, மூன்று எழுபத்தொன்பது இருந்தது, இலையை நறுக்கிப் பார்த்தது, குப்பையில் போட்டது. அவள் கை பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

முடித்ததும் சொன்னாள்: "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுல்லா? எங்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்லுதிய? தெரியாதவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"ஒரு நல்ல தராசு வாங்கித் தாரேன். மார்க்கெட்டுல மறுபடி..."

"தராசு வேண்டாம் சார். நான் தராசு வச்சா வாரவன் எல்லாம் தட்டுக்கு அடியில குனிஞ்சு பாப்பான்."

அடுத்த வாரம் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் பலகை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்க் கேன்கள். அங்கே நின்று, கூடியவர்கள் காதில் விழும்படி சொன்னேன். ஆவுடையம்மாளின் தராசில் தவறு இல்லை. தவறு என் அறிக்கையில். அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வேலை பார்த்த மண்டியில் இப்போது முதலாளியின் மகன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து வந்து நாற்காலி போட்டான். டீ வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "ரிட்டயர்டு ஆன பொறவு இதெல்லாம் ஞாபகம் வருதாக்கும், ஐயாவுக்கு" என்றான்.

பின்னால் ஒரு குரல்: "எவ்வளவு குடுத்தாளாம்?"

"பத்து வருசம் கழிச்சு வந்து சொல்லுதாருன்னா சும்மாவாவே சொல்லுவாரு?"

மாடசாமி அங்கே இருந்தார். கிழவராகிவிட்டார், ஆனாலும் பூ கொண்டுவருகிறார். "அன்னைக்கு நான் ஒத்தையில சொன்னேன், ஒருத்தனும் நம்பல. இன்னைக்கு ஐயாவும் சேர்ந்து ரெண்டு பேரு சொல்லுதோம். இன்னைக்கும் ஒருத்தனும் நம்பல. கணக்கு சரியாப்போச்சு" என்றார்.

நான் கற்பித்த சந்தேகம்தான் அது. முப்பத்தொரு ஆண்டு ஒவ்வொரு கடையிலும் குனிந்து தட்டுக்கு அடியில் பார்த்தவனை, கடைசியில் அவர்களும் குனிந்து பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் என்னோடு நிற்கவில்லை. பதினைந்து நாளில் ரத வீதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆபீசருக்கே பணம் கொடுத்துப் பேச வைத்துவிட்டாள், லேசுப்பட்டவள் இல்லை என்று. கள்ளத்தராசு என்ற பேச்சே மறந்துபோயிருந்த இளவட்டங்களுக்கும் இப்போது பழைய கதை தெரிந்துவிட்டது.

மறுபடி போனபோது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"நல்லது செய்யுதேன்னு நீங்க இனி எங்கயும் போய்ப் பேசாதிய சார். உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"சரிம்மா" என்றேன். சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தேன். "இது உன் காசு. அன்னைக்கு எடுத்தது. திருப்பித் தரல."

உறையிலிருந்து காசை அவள் உள்ளங்கையில் போட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள், எடை பார்ப்பதுபோல.

"இதுதான் அதுன்னு நான் எப்படி நம்புறது?"

"உறையில தேதி எழுதியிருக்கு பாரு."

"எழுதுனது நீங்கதான?"

இந்த நாட்டில் இதே மாதிரிச் சின்ன ரூபாய் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. இதுதான் அது என்பதற்கு என் கையெழுத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. என் கையெழுத்தின் மதிப்பு என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

"என் காசுன்னு இத வாங்கிக்கிட மாட்டேன்" என்றாள். "சும்மாவும் வாங்கிக்கிட மாட்டேன். போன வாரம்தான் நான் ஆபீசருக்குக் குடுத்தேன்னு பேசுனாங்க. இன்னைக்கு ஆபீசரு எனக்குக் குடுத்தாருன்னு பேசுவாங்க. வியாபாரமா வேணும்னா வாங்கிக்கிடுதேன். ஒரு ரூபாய்க்குப் பூ தாரேன்."

"ஒரு ரூபாய்க்குப் பூ வருமா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா குடுத்துத்தான ஆகணும்."

மனதுக்குள் கணக்குப் போட்டாள். முழம் முப்பது ரூபாய். முழத்துக்கு இத்தனை பூ. கட்டாமல் குவிந்து கிடந்த அரும்பில் கையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கூடுதலாக ஒன்று வந்தது. அதைத் திரும்பக் குவியலிலேயே போட்டாள். ஓரத்தில் கிடந்த ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இலைக்குக் காசு கிடையாது சார்" என்றாள்.

காசு அவள் சில்லறை டப்பாவுக்குள் விழுந்தது. விழுந்த மறுநொடியே அது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் அடுத்த ஆளுக்கு முழம் போடத் திரும்பிவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெட்டி இருநூறு அடி தள்ளி இருந்தால், எத்தனை பேர் சிரித்தாலும், நடந்து போய் எடுத்து வாருங்கள்.

பூவை வீட்டுக்குக் கொண்டுவந்து இலையோடு இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஐந்து அரும்பு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.